முந்திரி மென்ற ஜமீன்தார்

மீசை எனக்கு நன்றாகப் பொருந்தும். இது நானாகச் சொல்லிக்கொள்வது இல்லை. சிதம்பரத்தில் ஒரு பெண்கள் விடுதியின் சாப்பாட்டுக் கூடம் நிறைய உட்கார்ந்திருந்த அத்தனை பெண்களும் ஒருமனதாக ஒத்துக்கொண்ட விஷயம். அந்த மீசையை வைத்து என் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டுவிடலாம் என்று நான் கணக்குப் போட்டேன். கணக்கு தப்பியது. அது எப்படித் தப்பியது என்று சொல்வதற்கு முன்னால், வில்லன்கள் மேல் எனக்கு இருக்கும் மரியாதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

அறுபதுகளின் தொடக்கத்தில் நாங்கள் கடலூரில், திருப்பாதிரிப்புலியூரில் குடியிருந்தோம். அப்பா கோர்ட்டில் சிரஸ்தார். அதாவது நீதிபதிக்கு அடுத்தபடியாக அந்தக் கட்டடத்தில் எல்லோரும் பயப்படுகிற ஆபீஸ்காரர். மாதம் ஒரு சினிமாவுக்கு எங்களை அழைத்துப் போவார். கொட்டகைக்குள் நுழைந்ததும் அவர் தூங்கிவிடுவார். அம்மாவோ முழு விழிப்போடு இருப்பாள். திரையில் வில்லன் தலை தெரிந்தவுடன் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நேராக அவனிடமே பேசத் தொடங்கிவிடுவாள். "வந்துட்டான் பாரு, கட்டையில போறவன்" என்பாள். கதாநாயகியிடம் வில்லன் பால் டம்ளரை நீட்டினால் போதும், "அடியே, குடிக்காதடி, அதுல என்னமோ கலந்திருக்கான்!" என்று கத்துவாள். அவள் மட்டும் இல்லை, பெண்கள் பக்கத்தில் பாதிப் பேர் அப்படித்தான். கடைசியில் போலீஸ் வந்து வில்லனுக்கு விலங்கு மாட்டும்போது எல்லோரும் எழுந்து செருப்பைத் தேடுவார்கள். அம்மா மட்டும் திருப்தி இல்லாமல் உட்கார்ந்திருப்பாள். "போலீஸ் புடிச்சா ஆச்சா? நாளைக்கே ஜாமீன்ல வந்துருவான்" என்பாள். சிரஸ்தார் சம்சாரத்துக்கு அந்த விவரமெல்லாம் தெரியும்.

எனக்கோ வில்லன் வராத காட்சிகளில் கொட்டாவி வரும். கதாநாயகனுக்கு என்ன வேலை இருக்கிறது, சொல்லுங்கள்? வில்லன் ஏதாவது செய்கிறவரை அவன் மரத்தைச் சுற்றிப் பாடிக்கொண்டிருப்பான். வில்லன்தான் காலையில் எழுந்து, ஆட்களைக் கூப்பிட்டு, இன்றைக்கு என்ன செய்யலாம் என்று யோசிக்கிறவன். மாடிப்படியும் டெலிபோனும் அவன் வீட்டில்தான் இருக்கும். அவன் ஒரு நாள் உடம்பு சரியில்லை என்று படுத்துவிட்டால் கதையே படுத்துவிடும். இவ்வளவு உழைப்பவனுக்குக் கடைசியில் கிடைப்பது உதையும் விலங்கும் என்பதில் எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு.

இன்னொன்றையும் அந்த நாளிலேயே கவனித்து வைத்திருந்தேன். நல்ல வில்லன் தன்னைக் கெட்டவன் என்று நினைப்பதே இல்லை. நியாயம் தன் பக்கம்தான் என்று மனசார நம்புகிறான். உருட்டி விழித்து, உரக்கச் சிரித்து, "நான் பொல்லாதவன்" என்று தானே தம்பட்டம் அடிப்பவன் வெறும் கோமாளி. அவனைப் பார்த்து எந்தக் குழந்தையும் பயப்படாது. அமைதியாக, அன்பாக, "உன் நல்லதுக்குத்தானே சொல்றேன்" என்று பேசுகிறான் பாருங்கள், அவனைக் கண்டால்தான் பயம்.

நான் சிதம்பரத்தில் விடுதியில் தங்கி பி.ஏ. சரித்திரம் படித்தேன். கடைசி வருஷம் ஆரம்பிக்கும்போது அப்பா ஒரு தீர்ப்பு சொன்னார். "இந்த வருஷம் நல்ல எடமா அமைஞ்சா கல்யாணம். அமையலேன்னா எம்.ஏ. சேத்துவுடுறேன். அவ்ளோதான்." வீட்டில் அவர்தான் நீதிபதி, மேலே அப்பீல் கோர்ட்டும் கிடையாது. ஒரு வருஷமாக நான் கெஞ்சியும் அழுதும் பட்டினி கிடந்தும் பார்த்துவிட்டேன். அவர் கொடுமைக்காரர் இல்லை. என்னைப் பார்க்க வரும்போதெல்லாம் பை நிறைய கமலா ஆரஞ்சு வாங்கி வருவார். என் மார்க்கைக் கோர்ட்டு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். பெண் ரொம்பப் படித்துவிட்டால் மாப்பிள்ளை கிடைக்காமல் வீட்டோடு நின்றுவிடுவாள் என்று அவருக்குப் பயம். எல்லாம் என் நல்லதுக்குத்தான் என்று மனசார நம்பினார்.

எனக்கு எம்.ஏ. என்றால் உயிர். அதற்குக் காரணம் ஒரு சுவர். இரண்டாம் வருஷத்தில் எங்கள் வகுப்பைக் கோயிலுக்கு அழைத்துப் போய், பிராகாரத்துச் சுவரில் கல்வெட்டுக்குப் படி எடுப்பதைக் காட்டினார்கள். ஈரத் தாளைக் கல்லில் ஒட்டி, பிரஷ்ஷால் தட்டி, மையை ஒற்றினார்கள். அதுவரை வெறும் கீறலாகத் தெரிந்த சுவரில் எழுத்து எழுந்து வந்தது. யாரோ ஒருவர் கோயில் விளக்கின் நெய்க்காக ஆடு விட்ட சங்கதி. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஆட்டைப் பற்றி எனக்குத் தெரிந்துவிட்டது என்ற சந்தோஷத்தில் அன்று எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை. அந்தச் சுவர் முழுவதையும் படிக்காமல் சாகக்கூடாது என்று தோன்றியது. அதற்கு எம்.ஏ. வேண்டும். எம்.ஏ.வுக்கு ஒரு நல்ல இடமும் அமையாமல் இருக்க வேண்டும்.

இங்கேதான் விடுதி நாள் வருகிறது. வருஷா வருஷம் நடக்கும் விழா. ஆண்களுக்கு அனுமதி இல்லை, அப்பாக்கள்கூட கேட்டோடு சரி. பெண்கள் யார் வேண்டுமானாலும் வரலாம். அதனால் ஒரு வழக்கம் உண்டாகியிருந்தது. குறிஞ்சிப்பாடி, காட்டுமன்னார்கோயில், சீர்காழி என்று சுற்றுவட்டாரத்தில் கல்யாண வயதில் பையன் வைத்திருக்கும் அம்மாக்கள் யாரோ ஒரு மாணவியின் பெரியம்மா, சித்தி என்ற பெயரில் வந்து முன்வரிசையில் உட்கார்ந்துவிடுவார்கள். பெண் பார்க்க என்று ஒரு வீட்டுக்குப் போய், பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு, வேண்டாம் என்று சொன்னால் மனஸ்தாபம். இங்கே அந்தத் தொல்லை இல்லை. ஒரே கூடத்தில் அத்தனை பெண்களையும் ஆட வைத்து, பாட வைத்து, நடக்க வைத்துப் பார்த்துவிடலாம். அந்த முன்வரிசைக்கு நாங்கள் 'மாமியார் வரிசை' என்று பெயர் வைத்திருந்தோம். அவர்கள் எங்களைப் பார்ப்பது எங்களுக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியும் என்பது அவர்களுக்கும் தெரியும். யாரும் வெளியே சொல்வதில்லை.

அந்த வருஷ நாடகத்தில் கதாநாயகி வேஷத்துக்கு அடிதடி. பட்டுச் சேலை, தலை நிறைய கதம்பம், ஒரு சோகப் பாட்டு, எல்லாம் உண்டு. என் அறைத்தோழிக்கு அந்த வேஷம் கிடைத்தது. அவளுக்குச் சீக்கிரம் கல்யாணம் ஆக வேண்டும் என்று ஆசை, அதை ஒளிக்காமல் சொல்கிற பெண் அவள். ஜமீன்தார் வேஷத்துக்கு மட்டும் ஆளே இல்லை. ஏரி மதகை மூடி ஊரைத் தவிக்கவிடும் வில்லன் அவன். மாமியார் வரிசைக்கு முன்னால் மீசையோடு போய் நிற்க யாருக்குப் பைத்தியம்? நான் கையைத் தூக்கினேன்.

"ஏண்டி, புத்தி கெட்டுப் போச்சா உனக்கு?" என்றாள் அறைத்தோழி. "அத்தனை பேரும் பாப்பாங்கடி. அப்புறம் ஒருத்தரும் உன்னக் கேட்டு வரமாட்டாங்க."

"அதுக்குத்தாண்டி" என்றேன்.

எப்பேர்ப்பட்ட வில்லனாக நிற்பது என்று ராப்பகலாக யோசித்தேன். கத்துகிற ஜமீன்தார் வேண்டாம் என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டேன். என் ஜமீன்தார் மெதுவாகப் பேசுவான். அவசரமே படமாட்டான். ஊரே காலில் விழுந்து கதறும்போது நெய்யில் வறுத்த முந்திரிப் பருப்பைத் தட்டிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, அதன் அழகைப் பார்த்து, வாயில் போட்டு, மென்று முடித்துவிட்டுத்தான் பதில் சொல்வான். எதிரில் நிற்பவள் உயிர் அந்த ஒரு பருப்பு கரைகிற வரை தொங்க வேண்டும். பண்ருட்டிச் சித்தி கொடுத்தனுப்பிய முந்திரி என் பெட்டியில் இருந்தது. ஒத்திகையிலேயே பாதி தீர்ந்துபோனது. பயிற்சி வேண்டுமே!

உடுப்புக்கு, விடுமுறையில் வீட்டுக்குப் போனபோது அப்பாவின் பழைய கறுப்புக் கோட்டைச் சுருட்டி எடுத்து வந்துவிட்டேன். இடது பையில் பழுப்பு நூலால் தைத்த ஒட்டு இருக்கும். நாடகத்துக்கு என்று மட்டும் சொன்னேன். அப்பா நான் அதில் வக்கீலாக வருகிறேன் என்று தானே முடிவு செய்துகொண்டு சந்தோஷப்பட்டார். மீசைக்கு ஒரு பழைய சவுரி முடியைக் கத்தரித்தோம். கோந்து ஒட்டவில்லை, சிரித்தால் கழன்று விழுந்தது. விடுதியில் நாற்காலிக்குக் கால் ஒட்ட வந்திருந்த தச்சரிடம் போய்க் கொஞ்சம் வஜ்ரம் கேட்டு வாங்கி வந்தோம். அது மரம் ஒட்டுகிற பசை. முகத்துக்கு ஆகுமா என்று கேட்க எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

விழா அன்று சாப்பாட்டு மேசைகளைச் சேர்த்துப் போட்டு மேடை. படுக்கை விரிப்புகள்தான் திரை. விரிப்பின் ஓட்டை வழியாகப் பார்த்தேன். மாமியார் வரிசை நிரம்பியிருந்தது. நடுவில் ஒரு அம்மா, கட்டுமஸ்தான உடம்பு, அரக்குச் சுங்குடிச் சேலை, மடியில் துணிப்பை. மற்றவர்கள் பெண்களை எடை போட்டுக்கொண்டிருக்க, அவர் மட்டும் நாடகம் எப்போது ஆரம்பிக்கும் என்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் இரண்டு காட்சிகள் சரியாகப் போயின. மூன்றாவது காட்சியில் கதாநாயகி மேடைக்கு வந்து, "ஐயா, வயல்களில் கதிர் வந்து பால் பிடிக்கிறது. தண்ணீர் வேண்டிய இந்த நேரத்தில் மதகை மூடிவிட்டீர்களே!" என்று என் காலடியில் விழுந்து அழுதாள். நான் ஒரு முந்திரியை எடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வாயில் போட்டேன். கூடத்தில் சத்தமே இல்லை. மெள்ள மென்று முடித்துவிட்டுச் சொன்னேன்: "பால் பிடித்தால் என்ன? பதராகப் போனால் என்ன? நான் சாப்பிடுவது முந்திரி."

முன்வரிசையில் நாற்காலி ஒன்று தடாலென்று பின்னால் விழுந்தது. அரக்குச் சேலை அம்மா எழுந்து நின்றிருந்தார். "டேய் பாவி! பால் புடிக்கிற நேரத்துல மதக மூடுறியே, நீ வெளங்குவியா? தொறடா மொதல்ல!" அவர் குரல் அழுதுவிடுவது போல இருந்தது. நடிப்பைத் திட்டும் விளையாட்டுக் குரலாக அது இல்லை.

என் அம்மா கொட்டகையில் எத்தனை வில்லன்களைத் திட்டி நான் கேட்டிருக்கிறேன்! ஒருவனாவது திரையிலிருந்து திரும்பிப் பதில் சொல்லமாட்டானா என்று எனக்கு எப்போதும் ஏக்கம். இதைவிட்டால் வேறு சந்தர்ப்பம் கிடைக்காது என்று தோன்றியது. இன்னொரு முந்திரியை எடுத்து மென்றேன். மேடை ஓரத்துக்கு வந்து, குனிந்து, மிகவும் மரியாதையாகக் கேட்டேன். "அம்மா, உங்கள் வயல் எந்த ஊர்?"

"காட்டுமன்னார்கோயில் பக்கம்!" என்றார் அவர், வீராப்பாக.

"அங்கேயும் நம் மதகுதான். நாளைக்கே மூடச் சொல்கிறேன்."

கூடம் வெடித்தது. வார்டன் அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பக்கத்திலிருந்தவர்கள் அந்த அம்மாவைப் பிடித்து உட்கார வைத்தார்கள். உட்கார்ந்த பிறகுதான் அவருக்கு நாடகம் என்று உறைத்தது போலிருக்கிறது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். இந்த அமளியில் என் அறைத்தோழிக்கு அடுத்த வசனம் மறந்துபோய்விட்டது. மலங்க மலங்க என்னைப் பார்த்தாள். ஜமீன்தார்தான் அவளைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. "என்ன முறைக்கிறாய்? என் அண்ணன் வந்தால் உன் கோட்டை தூள் தூளாகும் என்று சொல்லப் போகிறாயா? எங்கே, சொல்லிப் பார்!" என்று உறுமினேன். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அதை அப்படியே சொன்னாள். கைதட்டல் அவளுக்கும் விழுந்தது.

நாடகம் முடிந்ததும் மீசை வரமாட்டேன் என்றது. வெந்நீர், விளக்கெண்ணெய் எல்லாம் போட்டு, கடைசியில் இரண்டு பேர் பிடித்து உரித்தார்கள். மேலுதட்டில் தோலும் சேர்ந்து வந்தது. எரிச்சலில் உயிர் போனது. ஆனாலும் அன்று எனக்கு இருந்த சந்தோஷத்துக்கு அளவில்லை. கைதட்டல் ஒரு பக்கம், எம்.ஏ. நிச்சயம் என்ற நினைப்பு ஒரு பக்கம். காட்டுமன்னார்கோயிலிலிருந்து சீர்காழி வரை இனி எந்த மாமியாரும் என் பெயரைக் கேட்டால் நடுங்குவார் என்று நான் நம்பினேன்.

அடுத்த வாரம் விடுமுறைக்குக் கடலூர் வந்திருந்தேன். அப்பாவின் கோட்டை, நாடகப் பேச்சு கிளம்பாதபடி, சத்தமில்லாமல் ஆணியில் மாட்டிவிட்டேன். மறுநாள் காலை அப்பா சிரித்த முகத்தோடு அடுக்களைக்கு வந்தார். "இன்னிக்கு உன்னப் பாக்க வர்றாங்க. விடுதியில உன்னப் பாத்தாங்களாம். வார்டன் அம்மாகிட்ட அட்ரஸ் கேட்டு எழுதியிருக்காங்க, பையன் போட்டோவும் வெச்சிருக்காங்க. பையன் நெய்வேலியில இன்ஜினியர். காட்டுமன்னார்கோயில் பக்கம் நல்ல பூமி."

என் கையிலிருந்த டம்ளர் கீழே விழுந்தது. அம்மா அதை வெட்கம் என்று எடுத்துக்கொண்டாள்.

அவர்கள் வந்தார்கள். அதே அம்மா, அதே துணிப்பை. கூட அவர் கணவர். அன்று முழுவதும் அவர் வெற்றிலை போடுவதற்குத்தான் வாயைத் திறந்தார். என் மேலுதட்டுச் சிவப்பை மறைக்க அம்மா அரை டப்பா பவுடரைக் கொட்டியிருந்தாள். நான் நமஸ்காரம் செய்துவிட்டு நின்றேன். நான் பட்ட பயத்தைச் சொல்லி முடியாது. இந்த அம்மா ஒரு வார்த்தை சொன்னால் போதும், அப்பாவின் கோட்டில் நான் மீசை வைத்த ஜமீன்தாராக மேடையேறிய கதை வெளியே வந்துவிடும். சொல்லாவிட்டால் கல்யாணம், படிப்பு போச்சு. எந்தப் பக்கம் விழுந்தாலும் அடிதான்.

பெண் பார்க்க வந்தால் பெண்கள் கொல்லைப் பக்கம் அழைத்துப் போய்த் தனியாகப் பேசுவது எங்கள் பக்க வழக்கம். பின்னல் சொந்த முடியா, நடை சரியா என்று பார்ப்பதெல்லாம் அங்கேதான். கிணற்றடியில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் நின்றோம். அவர் என் பின்னலைத் தொடவில்லை. முகத்தைத்தான் பார்த்தார்.

"மூக்குக்குக் கீழ இன்னா செவந்து கெடக்கு?"

"உஷ்ணக் கொப்புளங்க."

"உஷ்ணமா, வஜ்ரமா?" என்றார். எனக்குச் சிரிப்பு பீறிட்டது. அவரும் சிரித்தார். பவுடர் எல்லாம் உதிரும்வரை சிரித்தோம்.

"அன்னிக்கு நீ மதக மூடினப்ப எனக்கு வயிறு பத்திக்கிச்சும்மா. நம்ம வயல்ல அப்பத்தான் பால் புடிச்சிருந்துச்சு. நாடகம்ங்கிறதே மறந்து போச்சு" என்றார். "அப்புறம் அந்தப் புள்ள வசனத்த மறந்து முழிச்சுது பாரு. நீ திட்டுற மாதிரி எடுத்துக் குடுத்த. கொடுமக்காரன் வேஷத்துல நின்னுக்கிட்டு அவளக் கைதூக்கி வுட்டியே, அதப் பாத்துத்தான் வந்தேன். சரி, சேலை கட்டி அழகா நிக்காம எதுக்கு மீச வெச்ச?"

பொய் சொல்ல மனசு வரவில்லை. "உங்கள மாதிரி இருக்கிறவுங்க என்னப் பாத்து ஓடணும்னுதாங்க" என்றேன். "நான் எம்.ஏ. படிக்கணும். நல்ல எடம் வந்துட்டா அப்பா நிறுத்திடுவாரு." சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. கோயில் சுவரைப் பற்றி, விளக்குக்கு விட்ட ஆட்டைப் பற்றி, எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொல்லித் தீர்த்தேன். பெண் பார்க்க வந்தவரிடம் ஆட்டுக் கதை சொன்ன பெண் தென்னார்க்காடு ஜில்லாவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். கிணற்றுச் சகடையை ஒரு தடவை சும்மா உருட்டிவிட்டார். "பால் புடிக்கிற நேரம்" என்றார், தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல. பிறகு, "எங்க பையன் போட்டோ பாத்தியா? புடிச்சிருக்கா, அதச் சொல்லு" என்றார்.

பிடித்திருந்தது. காது கொஞ்சம் பெரிசு, கண்ணில் குறும்பு. "அவருக்கு இந்த மீச விஷயம் தெரியுமா?" என்றேன்.

"சொன்னேனே. ரெண்டு பேருல யாருக்கு மீச பொருந்துதுன்னு நேர்ல பாத்து முடிவு பண்ணலாம்னான்." மேற்கொண்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார்.

நான் கூடத்துக் கதவின் பின்னால் நின்றுகொண்டேன். இடுக்கு வழியாக எல்லாம் தெரிந்தது. அப்பா விருந்தாளிகளுக்காகக் கோட்டு மாட்டியிருந்தார். அதே கறுப்புக் கோட்டு. அந்த அம்மாவின் பார்வை பழுப்பு நூல் ஒட்டில் ஒரு கணம் நின்று நகர்ந்தது. பிறகு அவர் நிதானமாகப் போய், வீட்டில் இருந்த பெரிய நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். அது அப்பாவின் நாற்காலி. அம்மா பலகாரத் தட்டை நீட்டினாள். கேசரியை அவர் தொடவில்லை. அதன் மேலிருந்த முந்திரிப் பருப்பு ஒன்றை மட்டும் விரலால் எடுத்தார்.

"பொண்ணு புடிச்சிருக்கு" என்றார். அப்பா முகம் மலர்ந்தது. "ஆனா ஒரு கொற."

அப்பா கோர்ட்டில் பெரிய பெரிய கேஸ்காரர்களைப் பார்த்தவர். நகையா, காரா, என்ன கேட்கப் போகிறார்களோ என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். "எதுவா இருந்தாலும் சொல்லுங்க, பேசிக்கலாம்."

அந்த அம்மா பருப்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வாயில் போட்டார். மென்றார். கூடத்தில் சத்தமே இல்லை. அப்பாவின் நெற்றியில் வேர்வை துளிர்ப்பதை நான் பார்த்தேன். நான் ஒத்திகை பார்த்துப் பார்த்துச் செய்த அதே நிதானம், அதே தாடை. எனக்குப் புரிந்துவிட்டது. வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டேன்.

"பி.ஏ. பத்தாதுங்க" என்றார், மிகவும் மெதுவாக.

"பத்தாதா? பொண்ணுங்களுக்கு பி.ஏ.வே ஜாஸ்தின்னு…"

"எங்க பங்காளி வூட்டு மருமவ பி.ஏ. நம்ம வூட்டுக்கு வர்றவ அதுக்கு ஒரு படி மேல இருக்கணும். இல்லேன்னா நான் தெருவுல தல நிமுந்து நடக்க முடியாது. எம்.ஏ. முடிச்ச பொண்ணுதான் வேணும். இப்ப நிச்சயம் பண்ணிக்குவோம், படிச்சு முடிக்கட்டும், அப்புறம் கல்யாணம். முடியாதுன்னா சொல்லிருங்க. எங்களுக்குப் பொண்ணுக்கா பஞ்சம்?"

"இன்னும் ரெண்டு வருஷமாவுமேம்மா. ஊர்ல நாலு பேரு நாலு விதமா…"

அடுத்த பருப்பு மேலே போனது. அதன் அழகு பார்க்கப்பட்டது. அது மெல்லப்பட்டு முடிவதற்குள் அப்பா தோற்றுப்போனார். "சரிம்மா, உங்க இஷ்டம். சேத்துவுட்டுடுறேன்" என்றார். இத்தனை நாள் மகள் அழுது வாங்க முடியாததை, பங்காளி வீட்டுப் பொறாமை என்று சொன்னதும் உடனே கொடுத்துவிட்டார். அந்தக் காரணம் அவருக்கு நன்றாகப் புரிந்தது. மாப்பிள்ளை வீட்டார் அப்படித்தான் பேசுவார்கள் என்பது அவருக்குத் தெரியும். நானாக இருந்தால் கல்வெட்டு, ஆடு என்று ஏதாவது உளறியிருப்பேன். அந்தப் பங்காளி வீட்டு மருமகள் எட்டாவதோடு நின்றவர் என்று எனக்குக் கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது.

அன்றைக்கு எங்கள் வீட்டில் என் மாமியாருக்கு விழுந்த பெயர் கடைசிவரை மாறவில்லை. "கறார்க்காரி, கல்நெஞ்சக்காரி, இவ கையில போயி எம் பொண்ணு எப்படித்தான் பொழைக்கப் போறாளோ" என்று அம்மா எல்லோரிடமும் சொன்னாள். அவர் உருவத்தைப் பார்த்து முந்தானையை இழுத்துச் செருகுவதுகூட சினிமாக் கொட்டகையில் போலவேதான். அப்பா முந்திரி தின்பதையே விட்டுவிட்டார். அவருக்குத் தெரியாத ஒன்று உண்டு. என் கதையில் வில்லனாக நிற்க வேண்டியவர் அவர்தான். ஆரஞ்சுப் பையோடு, மனசார, என் நல்லதுக்கென்றே அந்த இடத்தை நோக்கி நடந்து வந்துகொண்டிருந்தார். அவர் அங்கே வந்து சேருவதற்குள் இன்னொருத்தர் அந்த வேஷத்தை வாங்கிக் கட்டிக்கொண்டார். நான் கடைசிவரை அப்பாவை வெறுக்காமல் நேசிக்க முடிந்தது அதனால்தான்.

அவர்கள் கிளம்பும்போது பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அப்பா வாசலில் நின்று வண்டிக்காரனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்த அம்மா விடைபெற வந்தவர் போல என் பக்கம் வந்தார். அம்மா பார்க்கிறாள் என்பதால் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு என் தலையில் கையை வைத்தார். குனிந்து என் காதில் மட்டும் சொன்னார்:

"மதகத் தொறந்துட்டேன். போய்ப் படி."